வாட்ஸ்அப்பா, தாளா, நேரில் பேச்சா? தொடக்கப் பள்ளித் தலைமையாசிரியருக்கு ஓர் ஒப்பீடு

ஈராசிரியர் பள்ளி. 58 பிள்ளைகள், 40 குடும்பங்கள். பதவி உயர்வில் புதிதாகத் தலைமையாசிரியராகப் போயிருக்கும் ஒருவர் கேட்கிறார்: "பெற்றோருக்குச் செய்தி சொல்ல வாட்ஸ்அப் குழு போதுமா? பழையபடி தாளில் அடித்துக் கொடுக்க வேண்டுமா? கூட்டம் போட்டால் பத்துப் பேர்கூட வருவதில்லை. எதில் என் நேரத்தைப் போடுவது?" இதே கேள்வியை வெவ்வேறு சொற்களில் இன்னும் நான்கைந்து பேர் கேட்டுவிட்டார்கள். தனித்தனியாகப் பதில் சொல்லிச் சலித்துவிட்டது, எல்லோருக்குமாக எழுதிவிடுகிறேன்.

ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளிகளில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். கடைசிப் பதினொரு ஆண்டுகள் பிள்ளைகளுக்கு 'பெரிய டீச்சர்'. கீழே வரும் வழிகள் அத்தனையிலும் செய்தி அனுப்பியிருக்கிறேன். அத்தனையிலும் ஒரு தடவையாவது மூக்குடைபட்டும் இருக்கிறேன்.

ஒரு வெள்ளிக்கிழமை அரை நாள்தான் பள்ளி என்று முந்தின இரவே குழுவில் போட்டேன். பெரும்பாலோர் பார்த்ததாக நீலக் குறி காட்டியது. மறுநாள் மதியம் எல்லோரும் போன பிறகும் ஒன்றாம் வகுப்புக் குழந்தை ஒருத்தி வேப்பமரத்தடியில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளுடைய அம்மா நிலக்கடலை பறிக்கப் போயிருந்தார். குழுவில் இருந்த எண் அப்பாவுடையது. அப்பா திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை செய்கிறார். நீலக் குறி திருப்பூரில் விழுந்திருக்கிறது. குழந்தை இங்கே காத்திருக்கிறாள். அன்றுதான் எனக்கு உறைத்தது: வீட்டில் போன் இருக்கிறதா என்று கேட்டு வைத்திருந்தேனே தவிர, பகலில் அது யார் கையில் இருக்கிறது என்று கேட்டதே இல்லை.

## எதை வைத்து எடை போடுவது

முதல் அளவுகோல் அதுதான்: செய்தி யார் கைக்குப் போகிறது? பிள்ளையை அனுப்புகிறவர், அழைத்துப் போகிறவர், சாப்பாடு கட்டிக் கொடுக்கிறவர் பெரும்பாலும் அம்மா அல்லது பாட்டி. பள்ளிப் பதிவேட்டில் இருக்கும் எண்ணோ பெரும்பாலும் அப்பாவுடையது. இந்த இடைவெளியை மூடாத வழி எவ்வளவு நவீனமாக இருந்தாலும் பாதி வழிதான்.

இரண்டாவது, படிக்கத் தடுமாறுகிறவருக்கும் புரியுமா என்பது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பெண்களின் எழுத்தறிவு சுமார் 73 சதவீதம். இன்றைய இளம் தாய்மார்கள் பெரும்பாலும் படித்தவர்கள். ஆனால் அப்பாவும் அம்மாவும் வெளியூரில் வேலை செய்ய, பாட்டியிடம் வளரும் பிள்ளைகள் எத்தனை பேர் என்று உங்கள் பள்ளியில் எண்ணிப் பாருங்கள்.

மூன்றாவது, திருப்பிக் கேட்க முடியுமா? "வங்கிக் கணக்குப் புத்தகத்தின் நகல் கொண்டு வரவும்" என்று எழுதிவிடுவது எளிது. யார் பெயரில் கணக்கு, கூட்டுக் கணக்கானால் செல்லுமா, புத்தகத்தைத் தொலைத்தவர் என்ன செய்வது என்று உடனே நான்கு கேள்விகள் எழும்.

நான்காவது, இந்தச் செய்தியை வேறு யார் பார்ப்பார்கள்? இதை நாம் மிகக் குறைவாகவே யோசிக்கிறோம்.

ஐந்தாவது உங்கள் நேரமும் பணமும். 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர் என்பது கல்வி உரிமைச் சட்டத்தின் கணக்கு. அதாவது தலைமையாசிரியரும் வகுப்பெடுத்தாக வேண்டும். ஒரு மணி நேரம் போனில் போனால் அந்த ஒரு மணி நேரம் ஏதோ ஒரு வகுப்பில் ஆள் இல்லை. பணம் என்று பார்த்தால், 31 முதல் 100 பிள்ளைகள் உள்ள பள்ளிக்கு ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் ஆண்டு மானியம் 25,000 ரூபாய் வரை. சாக்பீஸ், துடைப்பம், சிறு பழுது என்று பல கைகள் நீளும் பை அது.

விரைவை நான் கடைசியில் வைக்கிறேன். ஒரு தொடக்கப் பள்ளியில் நிஜமாகவே அவசரமான செய்திகள் ஆண்டுக்குப் பத்து இருந்தால் அதிகம்.

## வாட்ஸ்அப் குழு

கெட்டதை முதலில் சொல்லிவிட்டதால் நல்லதிலிருந்து தொடங்குகிறேன். செலவு கிட்டத்தட்ட இல்லை. குரல் பதிவு அனுப்பலாம் என்பதால் படிக்கத் தெரியாதவருக்கும் சேரும். ஒரே நொடியில் 40 பேருக்குப் போகும். தூரத்தில் இருக்கும் அப்பாவுக்குப் பள்ளியைக் கொண்டுபோய்க் காட்ட இதைவிட நல்ல வழி கிடையாது. வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்த அதே குழந்தை, சில மாதம் கழித்துத் தமிழ்ப் பாடத்தில் ஒரு பத்தியைத் திக்காமல் வாசித்தாள். அதைப் பதிவு செய்து அவள் அப்பாவுக்கு மட்டும் அனுப்பினேன். இரவு ஒன்பது மணிக்கு, ஷிப்ட் முடிந்து, அவர் கூப்பிட்டார். பேசவில்லை, அழுதார். அரை நாள் விடுமுறையைச் சொல்ல உதவாத அதே எண் இதற்கு உதவியது.

இப்போது மறைவான செலவுகள்.

குழுவில் சேர்ந்த ஒவ்வொருவரின் எண்ணும் மற்ற எல்லோருக்கும் தெரியும். ஓர் இளம் தாயின் எண் ஊரில் இருக்கும் 39 வீடுகளுக்குப் போகிறது. 'காலை வணக்கம்' என்று தனியாகச் செய்தி அனுப்பத் தொடங்கிய ஒருவரால் ஒரு பெண் குழுவை விட்டே வெளியேறினார். என்னிடம்கூடக் காரணம் சொல்லவில்லை, இன்னொரு அம்மா சொல்லித்தான் தெரிந்தது. எண்ணைக் கொடுக்கத் தயங்கும் பெண்களை 'ஒத்துழைக்காதவர்கள்' என்று எழுதி வைக்காதீர்கள்.

அடுத்தது, பட்டியல்கள். கிராமப்புறப் பெண் குழந்தைகளுக்கு 3 முதல் 5ஆம் வகுப்பு வரை வழங்கப்படும் ஊக்கத்தொகை ஆதிதிராவிடர், பழங்குடியினர், மிகவும் பிற்படுத்தப்பட்டோர் பிரிவினருக்கு உரியது. 'கீழ்க்கண்டவர்கள் வங்கிப் புத்தக நகல் தரவில்லை' என்று பெயர்ப் பட்டியலைக் குழுவில் போட்டால் அது சாதிப் பட்டியலாகிவிடும். நாம் அதை நினைத்துப் போடுவதில்லை. படிக்கிற ஊர் அதைத்தான் படிக்கும். வருகை, மதிப்பெண், உடல்நலம், இவை எதையும் குழுவில் எழுதக் கூடாது. புகைப்படத்துக்கும் பெற்றோரின் சம்மதம் வேண்டும். 2023-இல் இயற்றப்பட்ட மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குட்பட்ட எல்லோரையும் குழந்தையாகவே கொள்கிறது, பெற்றோர் ஒப்புதலைக் கேட்கிறது. ஆண்டுத் தொடக்கத்திலேயே ஒரு தாளில் கையெழுத்து வாங்கி வைப்பது நல்லது.

மூன்றாவது, குப்பை. சீட்டு விளம்பரம், கட்சிப் படம், கோயில் அழைப்பு, இருபது ரோஜாப் பூக்கள். அவற்றுக்கு நடுவே உங்கள் அறிவிப்பு மேலே போய்விடும். அட்மின் மட்டுமே எழுதலாம் என்று மாற்றி வைக்கலாம். நானும் மாற்றினேன். குழு அமைதியாயிற்று, கேள்விகள் எல்லாம் என் சொந்த எண்ணுக்கு வரத் தொடங்கின, இரவு பத்தரைக்கும்.

நான்காவது, மாறுதல். உங்கள் சொந்த எண்ணில் தொடங்கிய குழு நீங்கள் மாறுதலாகிப் போனதும் அநாதையாகிவிடும், அல்லது நீங்கள் போன பிறகும் மூன்றாண்டுகள் அந்த ஊரின் தேர்த் திருவிழாப் படங்களைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். பள்ளிக்கென்று ஒரு சிம் கார்டு வாங்குவதே சரி. அதற்கும் ரீசார்ஜ் உண்டு. போடாமல் விட்டால் சில மாதங்களில் எண்ணே போய்விடும்.

எப்போது இது நல்லது? பெரும்பாலான வீடுகளில் பகலில் அம்மாவிடமே ஸ்மார்ட்போன் இருக்கும் நகர்ப்புறப் பள்ளிக்கு. வெளியூரில் வேலை செய்யும் பெற்றோர் அதிகமுள்ள பள்ளிக்கும், அவசரத்துக்கு அதை நம்பாமல், பிள்ளைகளின் பள்ளி வாழ்க்கையைக் காட்டுவதற்கு.

### குழுவுக்குப் பதில் வேறு வாசல்கள்

எண்கள் தெரிந்துவிடும் சிக்கலுக்கு மட்டும் மூன்று மாற்றுகள் வாட்ஸ்அப்பிலேயே உண்டு. ஒலிபரப்புப் பட்டியலில் (பிராட்காஸ்ட் லிஸ்ட்) 256 பேர் வரை சேர்க்கலாம். ஒருவரை ஒருவர் பார்க்க முடியாது. ஆனால் உங்கள் எண்ணைத் தன் போனில் சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டுமே செய்தி போகும். சேமிக்காதவருக்குப் போகவில்லை என்பதை உங்களுக்கு யாரும் சொல்ல மாட்டார்கள். பல குழுக்களை ஒரே குடையில் வைக்கும் 'கம்யூனிட்டி'யின் அறிவிப்புப் பகுதியில் மற்ற பெற்றோருக்கு எண் தெரியாது, அட்மினுக்குத் தெரியும். 40 குடும்பத்துக்கு நான் இதைத்தான் பரிந்துரைப்பேன். 'சேனல்' 2023 செப்டம்பரில் இந்தியாவுக்கு வந்தது. அதில் யார் வேண்டுமானாலும் சேரலாம் என்பதால் பிள்ளைகளின் படத்துக்கு ஏற்றதல்ல. சேர்க்கை அறிவிப்பு, ஆண்டு விழா நாள் போன்றவற்றுக்குச் சரி.

## குறுஞ்செய்தி

பட்டன் போனுக்கும் போகும், இணையம் வேண்டாம். இதைத் தவிர இதில் புகழ ஒன்றும் இல்லை. தமிழில் எழுதினால் ஒரு செய்தி 70 குறிகள் மட்டுமே, ஆங்கிலத்தில் 160. அந்த 70-உம் நம் கணக்கில் 70 எழுத்து இல்லை. 'நாளை பள்ளி விடுமுறை' என்பதில் நாம் எண்ணினால் 9 எழுத்து, இடைவெளிகளோடு 11. போன் எண்ணினால் 19, ஏனென்றால் காலும் கொம்பும் புள்ளியும் அதற்குத் தனித்தனிக் குறிகள். இரண்டு வாக்கியம் எழுதினால் இரண்டு செய்திக்குக் காசு. மொத்தமாக அனுப்பும் சேவைக்குப் போனால் அனுப்புநர் பெயரையும் செய்தியின் மாதிரி வடிவத்தையும் தொலைத்தொடர்பு விதிகளின்படி முன்பே பதிவு செய்ய வேண்டும். ஈராசிரியர் பள்ளி இறங்க வேண்டிய வேலையில்லை. பல கிளைகள் உள்ள தனியார் பள்ளிக்கும், துறை அளவில் அனுப்புவதற்கும் இது பொருந்தும்.

## தொலைபேசி அழைப்பு

40 குடும்பம், ஆளுக்கு 3 நிமிடம், மொத்தம் 2 மணி நேரம். எடுக்காதவர்களை மறுபடி கூப்பிட இன்னும் ஒரு மணி நேரம். எல்லோருக்கும் என்றால் முடியாத காரியம்.

ஒருவருக்கு என்றால் இதற்கு நிகர் எதுவும் கிடையாது. பிள்ளை மூன்று நாளாக வரவில்லை, கண் சரியாகத் தெரியவில்லை போலிருக்கிறது, யாரோடும் பேசாமல் ஒதுங்கி இருக்கிறான் என்றால் போன்தான். அந்தரங்கம் காக்கும், கேள்விக்கு அங்கேயே பதில் கிடைக்கும், குரலில் இருக்கும் தயக்கம்கூடத் தெரியும்.

மறைவான செலவு ஒன்று உண்டு. பள்ளி எண்ணைப் பார்த்ததுமே பெற்றோருக்குப் பகீரென்கிறது. "என்ன டீச்சர், அடிபட்டுவிட்டதா?" என்பதுதான் முதல் சொல். கெட்ட செய்திக்கு மட்டும் கூப்பிட்டுப் பழக்கியது நாம்தான். ஒரு ஆண்டு, வாரத்துக்கு மூன்று வீடுகளுக்கு நல்ல செய்திக்காக மட்டும் கூப்பிடுவது என்று வைத்துக்கொண்டேன். பொங்கலுக்கு முன்பே எல்லா வீடும் ஒரு சுற்று முடிந்தது. அதன் பிறகு கூட்டத்துக்கு ஆள் கூடியது. எந்த அழைப்பிதழும் செய்யாத வேலை.

செங்கல் சூளைக்கு வந்த ஒடிசாக் குடும்பம் இருந்தால் இதிலும் ஒரு சிக்கல்: மொழி. அரை ஆண்டில் பிள்ளை தமிழ் பேசிவிடும். பிறகு வீட்டுக்கு அதுவே மொழிபெயர்ப்பாளர். ஆனால் பிள்ளையைப் பற்றிய குறையைப் பிள்ளையையே மொழிபெயர்க்கச் சொல்லக் கூடாது. அதற்கு சூளையில் தமிழ் தெரிந்த பெரியவர் ஒருவரைப் பிடிக்க வேண்டும்.

## தாள்: மாத மடலும் பிள்ளையின் குறிப்பேடும்

இதைப் பழசு என்று ஒதுக்குகிறவர்களோடு எனக்குச் சண்டை உண்டு.

மாதம் ஒரு முறை, ஒரே பக்கம், பெரிய எழுத்து. இந்த மாதம் நடக்கப்போகும் நாட்கள், என்னென்ன கொண்டு வர வேண்டும், ஒவ்வொரு வகுப்பும் என்ன கற்றுக்கொண்டிருக்கிறது என்று வகுப்புக்கு இரண்டு வரி, ஒரு பிள்ளை வரைந்த சிறு படம். ஓரத்தில் பள்ளி எண்ணும் கல்வித் துறையின் 14417 உதவி எண்ணும். ஜெராக்ஸ் கடையில் 40 படிக்கு நூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும். குடும்பத்துக்கு ஒன்றுதான், அண்ணன் தங்கை படித்தால் மூத்தவரிடம்.

இது போன் இல்லாத அம்மாவிடம் போகிறது. சமையலறைச் சுவரில் காலண்டருக்குப் பக்கத்தில் ஒட்டப்படுகிறது. வீட்டுக்குப் போய்ப் பார்த்திருக்கிறேன்: மூன்று மாதத்துப் பழைய மடல்கூட இன்னும் ஒட்டியிருந்தது, தங்கள் பிள்ளை வரைந்த படம் அதில் வந்திருந்ததால். வாட்ஸ்அப் செய்திக்கு அந்த ஆயுள் கிடையாது. பாட்டிக்குப் படிக்கத் தெரியாவிட்டால் மூன்றாம் வகுப்புப் பேத்தி படித்துக் காட்டுகிறாள். அது நமக்கு இரட்டை ஆதாயம். 2022-இல் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டம் கேட்பதும் அந்த வயதில் வாசிக்க வேண்டும் என்பதைத்தானே! மடலின் கடைசி இரண்டு வரிகளைப் பிள்ளை வாசிக்கும் தரத்தில் எழுதி, 'இதை வீட்டில் வாசித்துக் காட்டு' என்று போட்டுவிடுவேன்.

குறை இல்லாமல் இல்லை. கப்பல் செய்யப்படும் தாள்களும் உண்டு, மழைக்காலத்தில் அதிகம். பையின் அடியில் வாழைப்பழத்தோடு நசுங்கியவை உண்டு. அவசரத்துக்குப் பயன்படாது. அடித்து முடித்த பிறகு தேதி மாறினால் அசடு வழிய வேண்டியதுதான். துறையிலிருந்து வரும் தேதிகள் மாறும் என்பது உங்களுக்கே தெரியும். ஆகவே உறுதியாகாத தேதிக்கு நான் நாளைப் போடாமல் 'மாதத்தின் மூன்றாம் வாரம்' என்றே எழுதுவேன்.

தனிப் பிள்ளைக்கான சேதிக்கு வீட்டுப்பாட நோட்டின் கடைசிப் பக்கம் போதும். பெற்றோர் கையெழுத்தோ கைநாட்டோ கேளுங்கள். கையெழுத்து வராத மூன்று நோட்டுகள்தான் அன்று நீங்கள் போன் செய்ய வேண்டிய மூன்று வீடுகள். தாளும் போனும் இப்படிக் கைகோத்தால் இரண்டு மணி நேரம் பத்து நிமிடமாகக் குறைகிறது.

## வாசல் கரும்பலகை

கேட்டுக்குப் பக்கச் சுவரில் கறுப்புச் சாயம் பூசி, இரண்டு அடிக்கு மூன்று அடி. திங்கட்கிழமை காலை அந்த வாரத்துக்கு மூன்று வரி, மூன்றுக்கு மேல் கூடாது. பிள்ளையை விட வருகிறவர், கடைக்குப் போகிறவர், தண்ணீர் பிடிக்கப் போகிறவர் எல்லோரும் பார்ப்பார்கள். படித்தவர் படிக்காதவருக்குச் சொல்வார். என் அனுபவத்தில் ஊர்ப் பெண்களிடம் மிக வேகமாகப் பரவியது வாட்ஸ்அப்பில் போட்டதல்ல, சுவரில் எழுதியது.

இதன் ஆபத்து, பழைய செய்தி. போன மாதக் கண் பரிசோதனை முகாம் இன்னும் சுவரில் இருந்தால் அதன் பிறகு அந்தச் சுவரை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். ஆட்டோவிலும் வேனிலும் பிள்ளைகள் வரும் நகரப் பள்ளிக்கு இது பயனில்லை.

## கூட்டம்

கல்வி உரிமைச் சட்டத்தின் 21ஆம் பிரிவு பள்ளி மேலாண்மைக் குழுவைக் கட்டாயமாக்குகிறது. உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள். சட்டம் அருமையானது. கூட்டம் வார நாளில் பிற்பகல் மூன்று மணிக்கு நடந்தால் களையெடுப்பவருக்குக் கூலி போகும். நூறு நாள் வேலையில் இருப்பவருக்கு வருகைப் பதிவுப் புகைப்படம் போய்விடும் என்ற கவலை. நமக்குச் செலவில்லாத கூட்டம் அவர்களுக்கு அரை நாள் ஊதியம். 'பெற்றோருக்கு அக்கறை இல்லை' என்று சொல்வதற்கு முன்னால் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும்.

காலை உணவுத் திட்டம் 2023 ஆகஸ்ட் 25 முதல் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிந்த பிறகு நமக்கு ஒரு வசதி கிடைத்தது. எட்டேகால் மணி வாக்கில் சிறு பிள்ளைகளை விட அம்மாக்களும் பாட்டிகளும் வாசலுக்கு வருகிறார்கள். பிள்ளைகள் சாப்பிடும் பத்து நிமிடம் போதும். நாற்காலி வேண்டாம், பதிவேடு வேண்டாம். ஒரு நாள் ஒன்றாம் வகுப்பு, மறுநாள் இரண்டாம் வகுப்பு என்று நின்றபடியே பேசிவிடலாம்.

நேரில் பேசியே தீர வேண்டிய செய்திகள் சில உண்டு. 2017 பிப்ரவரியில் தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசி முகாம் தொடங்கியது. 9 மாதம் முதல் 15 வயது வரையிலான பிள்ளைகளுக்கு. வாட்ஸ்அப்பில் வதந்தி பரவி, தமிழ்நாட்டில் பல பெற்றோர் மறுத்தார்கள். எங்கள் ஊரிலும் அப்படித்தான். அரசு அனுப்பிய விளக்கத்தைக் குழுவில் போட்டேன். அதற்குக் கீழேயே ஒருவர் அந்த வதந்தியை ஒட்டினார். பிறகு கிராமச் செவிலியரை அழைத்து வந்து வேப்பமரத்தடியில் உட்காரவைத்தேன். அவர் ஊரில் பாதிப் பிரசவத்துக்குத் துணை நின்றவர். அவர் பேசி முடித்தபோது கேள்விகள் தீர்ந்திருந்தன. பயம் கலந்த செய்திக்கு முகம் வேண்டும். பிப்ரவரி 10 தேசியக் குடற்புழு நீக்க நாளுக்கு மாத்திரை கொடுக்கும் முன்பும் இதையே செய்யுங்கள்.

கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. சுற்றுச்சுவர், குடிநீர், கழிப்பறை என்று ஊரே கேட்க வேண்டியதை அங்கே சொல்லுங்கள். பிள்ளையின் படிப்பை அங்கே பேசாதீர்கள்.

ஒலிபெருக்கி பற்றி ஒரு வரி. ஆள் விட்டுத் தண்டோரா போடுவதை நிறுத்தும்படி 2022-இல் தலைமைச் செயலாளரே ஆட்சியர்களுக்கு எழுதினார், நல்லதுதான். கோயில் ஒலிபெருக்கியை இரவல் வாங்குவதையும் நான் தவிர்ப்பேன். எந்தக் கோயில், யாருடைய கோயில் என்ற கேள்வி பள்ளிக்குள் வந்துவிடும்.

## ஒரே பார்வையில்

| வழி | விரைவு | பகலில் போன் இல்லாத அம்மாவுக்கு | திருப்பிக் கேட்க | அந்தரங்கம் | மறைவான செலவு |
|---|---|---|---|---|---|
| வாட்ஸ்அப் குழு | உடனே | சேராது | முடியும், கூச்சலோடு | மோசம் | பெண்களின் எண் பரவல், இரவு அழைப்புகள் |
| வாட்ஸ்அப் கம்யூனிட்டி | உடனே | சேராது | தனியாகக் கேட்கலாம் | பரவாயில்லை | பள்ளி சிம், ரீசார்ஜ் |
| குறுஞ்செய்தி | உடனே | பட்டன் போன் இருந்தால் சேரும் | முடியாது | நல்லது | பதிவு வேலை, தமிழில் இடக்குறைவு |
| போன் அழைப்பு | உடனே | மாலையில் சேரும் | மிக நன்று | மிக நன்று | வகுப்பு நேரம் |
| மாத மடல் | ஒரு நாள் | சேரும் | குறைவு | பொதுச் செய்திக்குச் சரி | தேதி மாறினால் மறுபடி அச்சு |
| குறிப்பேடு | ஒரு நாள் | சேரும் | மறுநாள் பதில் வரும் | நல்லது | தினமும் நோட்டைப் பார்க்க வேண்டும் |
| வாசல் பலகை | அரை நாள் | சேரும் | வாசலிலேயே | பொதுச் செய்தி மட்டும் | வாராவாரம் மாற்றும் ஒழுங்கு |
| கூட்டம் | சில நாள் | வந்தால் சேரும் | மிக நன்று | குறைவு | பெற்றோரின் கூலி |

## அப்படியானால் எதை எடுப்பது

ஒன்றைத்தான் எடுக்க முடியும் என்று யாராவது என் கழுத்தில் கத்தி வைத்தால், கிராமத்து ஈராசிரியர் பள்ளிக்கு வாசல் பலகையும் மாத மடலும் என்பேன். இரண்டும் சேர்ந்து ஒன்றுதான். பலகை வாரத்துக்கு, மடல் மாதத்துக்கு. நகரத்தில் 150 பிள்ளைகள் உள்ள பள்ளி என்றால் கம்யூனிட்டியை முதலில் வைத்து, அதில் இல்லாத வீடுகளுக்கு மட்டும் தாள்.

மழை விடுமுறை தனிக் கதை. அதை அறிவிப்பவர் மாவட்ட ஆட்சியர். தலைமையாசிரியருக்கு அதிகாரம் இல்லை. பெற்றோர் பெரும்பாலும் நமக்கு முன்பே தொலைக்காட்சியில் பார்த்துவிடுவார்கள். போன ஆண்டு அறிவிப்பின் படத்தைத் தேதி மாற்றிப் பரப்புகிறவர்களும் உண்டு. ஆகவே நம் வேலை உறுதிப்படுத்துவது மட்டுமே: "ஆமாம், இன்று விடுமுறை" என்று பத்து நொடிக் குரல் பதிவு. எழுத்தைப் போலி செய்வது எளிது. பெரிய டீச்சரின் குரலை ஊருக்குத் தெரியும். உள்ளூர் விடுமுறை, அரை நாள் பள்ளி போன்றவை நம் கையில் இருப்பவை. அவற்றை இரண்டு நாள் முன்பே பலகையிலும் குறிப்பேட்டிலும் எழுதிவிட வேண்டும். அன்று மதியம் யாராவது ஒரு பிள்ளை தங்கிவிட்டால் ஓர் ஆசிரியரும் தங்க வேண்டும்; இதற்கு எந்தச் செயலியும் மாற்றாகாது.

கேள்வி கேட்ட புதிய தலைமையாசிரியருக்கு: குழுவைத் தொடங்கும் முன், ஒரு நோட்டில் கோடு போட்டு நான்கு நெடுவரிசை பிரியுங்கள். பிள்ளையின் பெயர், எண், அந்த எண் பகலில் யார் கையில் இருக்கும், அவசரத்துக்குப் பக்கத்து வீட்டு எண். சேர்க்கையின்போதே கேட்டுவிட்டால் ஒரு வாரத்தில் நிரம்பிவிடும். பொங்கல் விடுமுறை முடிந்து பள்ளி திறந்ததும் இரண்டாவது, மூன்றாவது வரிசைகளை மறுபடி கேளுங்கள். பொங்கலுக்கு வந்துபோகிறவர்களில் பாதிப் பேர் புது சிம் கார்டோடுதான் வருவார்கள்.